எந்தக் கப்பல் என்று கேட்டிருந்தாய்

பதுளை
1970 ஜனவரி 6

அன்பு மகன் ஜாபிருக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உன் கைக்குச் சேரும் நேரம் நீ சோறும் தூக்கமும் குறையாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே உம்மாவின் முழங்கால் வலியையும், விடாமல் ஊற்றுகிற இந்த மழையையும், என்னையும் தவிர மற்ற எல்லாம் சுகம். என்னை ஏன் அந்தக் கணக்கில் சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும். வாசித்து முடிக்கும் வரைக்கும் கோபப்படாதே, முடித்த பிறகு உன் இஷ்டம்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை உன் கடிதமும் அந்த இரண்டு படப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. உன் கப்பல் கம்பனி வேலையாட்களின் தாய் தகப்பன், தம்பி தங்கைகளுக்கு ஒரு தரம் கப்பலில் இடம் கொடுக்கிறது, பெப்ரவரியில் கொழும்பிலிருந்து இரண்டு கப்பல் போகிறது, ஒன்று பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு வந்து திரும்பும், மற்றது மேற்கே சீஷெல்ஸ், மொம்பாசா என்று போய்த் திரும்பும், பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்று பார்த்து உடனே எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். உடனே எழுதவில்லை. அதற்குள் நீ இரண்டு கடிதம் போட்டுவிட்டாய், அதற்கும் பதில் இல்லை. கடையில் சோம்பல் என்று நினைத்திருப்பாய். சோம்பல் இல்லை மகன், வெட்கம். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், அது கொஞ்சம் சிரிக்கக் கூடியது. புத்தகங்கள் வந்த நாளிலிருந்து உன் தங்கையும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஹம்ஸியாவுக்கு சிங்கப்பூர்க் கப்பல்தான் வேண்டும். அதில் ஒரு அறை நிறையப் புத்தகமாம், பெண்பிள்ளைகள் உட்கார்ந்து தைக்கத் தனி இடமாம், எல்லாவற்றுக்கும் மேலாக மூத்தவன் உன்னை, அவள் நாநாவைப் பார்க்கலாம் என்பாள். ஹுமைதுக்கு மேற்கே போகிற கப்பல். நீச்சல் தொட்டி, மேசைப் பந்து, பறக்கிற மீன், ஆப்பிரிக்கா. நாநாவைத்தான் எப்படியும் ஒரு நாள் பார்க்கலாமே, யானைத் தந்தத்தை எப்போது பார்ப்பது என்று கேட்கிறான். பதினான்கு வயதில் நீயும் இப்படித்தான் பேசினாய். உம்மாவுக்கு இரண்டு கப்பலிலும் சந்தேகம். ஆட்டை யார் அறுப்பது, பிஸ்மி சொல்லி அறுப்பானா, கப்பல் வளைந்து வளைந்து போனால் தொழுகைக்குக் கிப்லா திசையை எங்கே தேடுவது என்று என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டாள். இதற்கிடையில் அந்த நீச்சல் தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டாள். உடுப்பு என்று சொல்ல முடியாத உடுப்பில் நான்கு வெள்ளைக்காரப் பெண்கள். அன்றைக்கே மாப்பசை காய்ச்சி, கடையில் துணி சுற்றுகிற மண்ணிறக் காகிதத்தை வெட்டி அந்தப் பக்கங்களில் ஒட்டிவிட்டாள். ஹுமைது கேத்தல் ஆவியில் காட்டி அதைக் கழற்றியதும் நடந்தது, அதற்கு வாங்கிய அடியும் நடந்தது. ஆனாலும் மகன், அவள் வாய் எத்தனை சந்தேகம் பேசினாலும் எந்தக் கப்பலில் போக ஆசை என்பது எனக்குத் தெரியும். நீ போன பிறகு உன் முகத்தை அவள் படத்தில்தான் பார்க்கிறாள்.

சரி, இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா. உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். நம்முடைய ஊரில் ஹம்ஸியாவின் வயதுப் பெண்பிள்ளை முகத்தைத் திறந்து படம் பிடிக்கிறாள் என்றால் அது ஒரே ஒரு காரணத்துக்குத்தான் என்று உனக்கே தெரியும். அதுவும் நோன்பு முடிந்து ஹஜ்ஜுக்கு ஆட்கள் புறப்படுகிற மாதம். படம் காய்வதற்கு முன்னமே மொஹிதீன் முதலாளி குடும்பத்தோடு மக்கத்துக்குப் போகிறார் என்று பஸார் முழுக்கப் பரவிவிட்டது. முன்கடை ஸலீம் தேத்தண்ணீரோடு வந்து, "சிங்கப்பூர் மகன் வாப்பாவ ஹஜ்ஜுக்கு அனுப்புறான், புள்ளை என்டா இதுதான் புள்ளை" என்று உன்னைப் புகழ்ந்தான். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் ஆட்கள் நின்றார்கள், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தொழுவிக்கிற லெப்பை என் பெயரைச் சொன்னார். நம் ஜமாஅத்துச் சகோதரர் மொஹிதீன் ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருக்கிறார், யாருக்காவது அவர் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும் என்று துஆக் கேட்டார். பள்ளி முழுக்க ஆமீன் சொன்னது. நானும் சொன்னேன். முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கையை ஏந்தி நானும் சொன்னேன் மகன். வாய் அடைத்துப்போனது என்று உன்னிடம் கதை விடலாம். உண்மை அது இல்லை. எனக்கு அது நன்றாக இருந்தது. தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஆட்கள் வழி விட்டார்கள், செருப்பை ஒருவர் எடுத்து வைத்தார், நேற்று வரைக்கும் கஜத்துக்கு ஒரு சதம் குறை என்று சண்டை பிடித்த மனுஷர் கையைப் பிடித்து முத்தமிட்டார். இத்தனை காலம் புடவை கிழித்துக் கொடுத்த கைக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது போல இருந்தது. அந்த ருசியில் இரண்டு வெள்ளிக்கிழமையைப் போக்கிவிட்டேன். ஹுமைதின் பள்ளிக்கூடத்துப் பெரிய மாஸ்டர் ஹஜ்ஜு என்று நினைத்து ஒரு மாத லீவைச் சந்தோஷமாகக் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

உம்மா என்னைப் போல இல்லை. அவளைப் பார்க்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், ஹஜ்ஜு இல்லை, மகன் கப்பலில் சுற்றிக்காட்ட அனுப்புகிறான் என்று தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஒருத்தியும் நம்பவில்லை. நல்ல மனுஷி, பெருமை வந்துவிடும் என்று பயந்து மறைக்கிறாள் என்று இன்னும் கூட மரியாதை செய்திருக்கிறார்கள். நானும் கடையில் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆட்கள் சும்மா வரவில்லை மகன். பிள்ளையில்லாதவள் துஆவுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தாள், ஒருவர் மக்கத்து ஸம்ஸம் தண்ணீருக்குப் போத்தல் கொடுத்தார். பசறைத் தோட்டத்து வீரய்யாவை உனக்கு ஞாபகம் இருக்கும், தீபாவளிக்கு லயத்து ஆட்களை எல்லாம் நம் கடைக்குக் கூட்டி வருவானே, அவன்கூட மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கொண்டுவந்து, "அய்யா, ஒங்க சாமியும் எங்க சாமியும் வேற இல்லீங்க, என் மகளுக்குச் சித்தம் தெளியணும்னு ஒரு வார்த்தை சொல்லிப் போட்டுட்டு வாங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் வாங்கிக் கடை அலுமாரியில் வைத்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை வெலிமடை மரக்கறி லொறி கடை வாசலில் நின்றது. இறங்கியது யார் என்று நினைக்கிறாய். மர்ஸூக் நாநா. என் மூத்தவர், உன் பெரியவாப்பா. உன் மூத்தவள் லரீபா ராத்தாவின் கலியாணத்தில் மாப்பிள்ளையோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிடத் தன்னை உட்கார வைக்கவில்லை என்று, சோற்றில் கை வைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க எழும்பிப் போனவர், அதற்குப் பிறகு இந்த வீதியில் கால் வைக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. கூடப் பிறந்தவர் என்று ஒருவர் இல்லாதது போலவே இருந்துவிட்டோம். அவர் நேரே வந்து, வாடிக்கையாட்கள் நிற்க, என் இரண்டு கையையும் பிடித்தார். "ஹஜ்ஜுக்குப் போறவன்ட கல்புல கறள் இரிக்கக் கூடாது தம்பி. சஹன்ல இரிந்து எழும்பினது என்ட பிழைதான். மாப்புச் செய்" என்றார். கண் கலங்கியிருந்தது. முடி முழுக்க நரைத்துவிட்டது மகன், எனக்கு யாரோ போல இருந்தது. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாப்புக் கேட்டேன், ஹஜ்ஜுக்குப் போகிறவன் கேட்க வேண்டிய முறைப்படியே கேட்டேன். பிறகு அவர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளைத் துணி. உன் பெரியும்மா ஸகீனா மதினிக்கு வயிற்றில் கட்டியாம். கண்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அது மதினி கண் மூடினால் சுற்றுகிற கபன் துணி. அதை ஸம்ஸமில் நனைத்துக் காய வைத்துக் கொண்டுவரச் சொல்லி மதினியே மடித்துக் கொடுத்திருக்கிறார். கஃபாவைப் பார்க்கிற முதல் பார்வையில் தன் பெயரையும் சொல்லச் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் நீ அவர் மடியில்தான் கிடப்பாய்.

வாங்கிக்கொண்டேன். அந்தத் துணியைக்கூட வாங்கிக்கொண்டேன் மகன்.

இராவு அதை அலுமாரியில் வைக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உம்மா என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் கத்தவில்லை. துணியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "புள்ளைகள் ரெண்டும் கப்பல்ல விளையாடுற நேரம் இந்தத் துணிய எந்தத் தண்ணியில நனைக்கிற எண்ணம் உங்களுக்கு" என்று கேட்டாள். உனக்கு உம்மாவைத் தெரியும், கத்தினால் பயமில்லை, இப்படிக் கேட்டால்தான் பயம். ஹம்ஸியா பக்கத்து அறையில் இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் எனக்குச் சோறு போடும்போது தலையை நிமிர்த்தவில்லை. பெற்ற பிள்ளை முகம் பார்க்காமல் சோறு போடுகிறாள் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது.

விடிந்ததும் எட்டாம்பிட்டிய வழி வெலிமடை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மண் சரிந்து கிடந்தது, இரண்டு இடத்தில் இறங்கி நடந்தோம், பஸ் புரண்டுவிட்டால் கூட நல்லது என்று ஒரு நினைப்பு வந்ததை அல்லாஹ் மன்னிக்கட்டும். நாநா கொட்டிலில் குந்தியிருந்து விதைக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்த முகமாக எழும்பினார். நின்றபடியே சொல்லி முடித்தேன். இது ஹஜ்ஜு இல்லை, மகன் உலாத்த அனுப்புகிறான், ஊர் சொன்னதை நான் மறுக்கவில்லை என்று. அவர் திரும்பவும் குந்திக்கொண்டார். ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லெப்பை துஆக் கேட்ட நேரம் நீ ஆமீன் சென்னியா" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். துணிப் பொட்டலத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை அதே பள்ளியில நீயே எழும்பி உண்மையைச் செல்லு. சென்ன பொறகு நான் கூப்பிட்டா வா. அதுவரைக்கும் என்ட வாசலுக்கு வராதே" என்றார். உள்ளே மதினி யார் வந்தது என்று கேட்கிற சத்தம் கேட்டது. வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சொன்னேன். லெப்பையிடம் முன்னமே அனுமதி கேட்டிருந்தேன், அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சரி என்றார். தொழுகை முடிந்து எழும்பி நின்றேன். என் மகன் அனுப்புகிறது உல்லாசக் கப்பல், நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை, உங்கள் ஆமீனைத் திருடிவிட்டேன், மாப்புச் செய்யுங்கள் என்று சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததுதான் கஷ்டமாக இருந்தது. அன்று பின்னேரம் கடையில் வியாபாரம் இல்லை, கொடுத்ததைத் திருப்பி வாங்க வந்த ஆட்கள்தான். போத்தலையும் பெயர்த் துண்டையும் சாமான் மாற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஸலீம் வழமையாகக் கொண்டுவருகிற தேத்தண்ணீரைக் கொண்டுவரவில்லை, இன்னும் கொண்டுவரவில்லை. பெரிய மாஸ்டரிடம் போய் லீவையும் திருப்பிக் கொடுத்தேன், அவர் யோசித்துவிட்டுப் பிறகு சொல்வதாகச் சொன்னார். வீரய்யாவிடம் பசறைக்கே போய்க் காணிக்கையைக் கொடுத்தபோது அவன் ஒருவன்தான் வாங்க மறுத்தான். "நடுக்கடலும் சாமிதானுங்களே அய்யா, அங்க போட்டுடுங்க" என்றான். அவனுக்கு நான் செய்தது விளங்கவில்லையா, விளங்கித்தான் சொன்னானா என்று தெரியவில்லை. வாங்கித் திரும்பவும் மடியில் கட்டிக்கொண்டேன்.

இனிக் கப்பலே வேண்டாம் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். ஹுமைது அழுதான், ஹம்ஸியா அழவில்லை, புத்தகங்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் லொறி டிரைவர் வந்து, நாநா கூப்பிடுகிறார், மதினி பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம், அந்தக் கப்பல் படப் புத்தகங்களையும் கொண்டுவரட்டாம் என்று சொன்னான். முந்தாநாள் நால்வரும் போனோம்.

மதினி பாதியாகிவிட்டார் மகன். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஹம்ஸியாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொன்னார். அவர் கடலைப் பார்த்ததே இல்லையாம், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வெலிமடையில் பிறந்து வெலிமடையில் வாழ்க்கைப்பட்டு, தூரம் என்று போனது அந்தக் கண்டி ஆஸ்பத்திரிதான். விடியச் சுபஹு நேரம் கடல் என்ன நிறம், படுக்கிற அறைக்குள் அலை தெறிக்குமா, மழை பெய்தால் கடலில் சத்தம் கேட்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹுமைது தெரிந்ததையும் தெரியாததையும் அடித்துவிட்டான். பிறகு இரண்டும் அங்கேயே எந்தக் கப்பல் என்று பழைய சண்டையைத் தொடங்கிவிட்டன, நான் அதட்டப் போனேன், மதினி கையைக் காட்டித் தடுத்தார். வழக்குக் கேட்கிற மாதிரி இருவர் பேச்சையும் கேட்டார், சிரித்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டுல எது முந்தித் திரும்பி வரும்" என்று கேட்டார்.

ஹம்ஸியா புத்தகத்தை மூடினாள். நான்தான் சொன்னேன், மேற்கே போகிறதுதான் முந்தி வரும், சிங்கப்பூர்க் கப்பல் அங்கே பல நாள் தங்கி மெதுவாகத்தான் திரும்பும் என்று. "அப்ப முந்தி வாறதுல போங்க" என்றார் மதினி. "கஃபாவப் பாத்துட்டு வந்து கதை செல்லுவீங்க, கேக்கலாம் என்டு ஆசையா இரிந்தேன். அது எனக்கு இல்ல. கடல் கதையாவது வந்து செல்லுங்க. வாற வரைக்கும் நான் இரிக்கப் பாக்கிறேன்." நாநா வெளியே எழும்பிப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பொய் சொன்னவனுக்கு அடியாவது கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மதினிக்குக் கஃபாவைத் தருவதாக ஆசை காட்டிவிட்டு, இப்போது உப்புத் தண்ணீரைப் பார்த்து வந்து கதை சொல்லப்போகிறேன். அதையும் அவரே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நான் உம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு இல்லை. அவள்தான் முதலில் பேசினாள். மதினியின் காலைப் பிடித்துவிட்டபடியே, "அதுலேயே போறோம் ராத்தா" என்றாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் பதுளை வரும் வரைக்கும் திரும்பவில்லை.

ஆகவே மகன், எந்தக் கப்பல் என்று கேட்டிருந்தாய், மேற்கே போகிற கப்பலில் நான்கு பெயரையும் பதிந்துவிடு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வந்து நிற்பேன், உம்மா இறங்கும்போது கையைப் பிடித்து நானே இறக்குவேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உம்மா ஹம்ஸியாவைக் கொண்டு எத்தனை தரம் வாசித்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நிற்க வேண்டாம் மகன். உன் வாப்பா இரண்டு வெள்ளிக்கிழமை பெரிய மனுஷனாக இருந்ததற்கு உம்மாவும் நீயும் கொடுக்கிற விலை இது. உன்னிடம் மாப்புக் கேட்க வாய் வருகிறது, ஆனால் அந்தச் சொல்லை நான் இந்த ஒரு மாதத்துக்குள் அதிகமாகச் செலவழித்துவிட்டேன். உன் விருப்பம் போல எழுது, ஏசி எழுதினாலும் வாசிப்பேன்.

மழையில் நனையாதே, வெளிச் சாப்பாட்டைக் குறை, ஐந்து நேரத்தை விடாதே. பெரியும்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நாநா வாசித்துக் காட்டுவார். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும், என்னைவிட நேரான நாக்கையும் தரட்டும். உம்மாவும் தங்கையும் தம்பியும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மொஹிதீன்

மறந்துவிடாதே: கப்பல் புறப்படுகிற தேதி மெதுவாகத் தெரிந்தால் போதும். கொழும்புக்குத் திரும்பி வருகிற தேதியை உடனே தந்தியில் அனுப்பு. மதினி கேட்கிறார்.